எந்த ஆப் நல்லது என்று கேட்ட மகளுக்கு

கேள்வி: நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். வெள்ளாவெளிப் பக்கம் 8 கிராமங்களில் எங்களுக்கு 22 சுகாதாரத் தொண்டர்கள் இருக்கிறார்கள், எல்லாரும் பெண்கள். முன்பு மாதம் ஒருமுறை களுவாஞ்சிகுடிக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தோம். இந்த வருடம் போக்குவரத்துக் காசு நின்றுவிட்டது. அதனால் சூமில் வகுப்பு வைத்தோம். முதல் வகுப்புக்கு 19 பேர் வந்தார்கள், மூன்றாவதற்கு 6 பேர். பிறகு வாட்ஸ்அப் குழுவில் காணொளிகள் போட்டு, கூகுள் ஃபோமில் கேள்வி கொடுத்தோம். எழுதிய எல்லாருக்கும் 90க்கு மேல் புள்ளி. ஆனால் போன மாதம் ஒரு தொண்டர் வழமையாகப் போய்வரும் வீட்டில் 8 மாதப் பிள்ளைக்கு மூச்சு முட்டியபோது, "சளிதான், ஆவி பிடியுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் எடுத்தது 95 புள்ளி. நல்லவேளை, அப்பம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். பிள்ளை தப்பிவிட்டது. 7 பேரிடம் சொந்தமாகப் பட்டன் போன்தான் இருக்கிறது. எந்த ஆப் பாவித்தால் நல்லது? இன்னொன்று: ஒரு அக்காவுக்கு 58 வயது, எழுத வாசிக்கத் தெரியாது. அவரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

— ஒரு வாசகி, போரதீவுப்பற்று

அன்புள்ள மகள்,

முதலில் அந்த 95 புள்ளியைப் பற்றிப் பேசுவோம். அந்தத் தொண்டர் பார்த்து எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. 2 மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு விட்டால் ஆபத்து என்று கேட்டிருப்பீர்கள். 50, அதற்கு மேல் என்று சரியாகவே எழுதியிருப்பார். அந்த வீட்டுக்குப் போனபோது அவர் எண்ணவில்லை, அவ்வளவுதான். பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுவதற்கு அவருடைய கண்ணும் கையும் பழகியிருக்கவில்லை. பக்கத்தில் தாய் பதறிக்கொண்டு நிற்க, பிள்ளை சிணுங்க, ஒன்றும் பேசாமல் 60 விநாடி இருப்பது எவ்வளவு நேரம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காணொளி பார்த்து வருகிற பழக்கமில்லை இது.

(ஆவி பிடிக்கச் சொன்னதையும் அவரிடம் தனியாகப் பேசுங்கள். கைக்குழந்தைக்கு ஆவி பிடிக்கப் போய்ச் சுடுதண்ணீர் கொட்டி வெந்த பிள்ளைகளை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் முன்னால் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த தடவை என்ன சொன்னேன் என்பதையே மறைத்துவிடுவார்.)

ஆகவே எந்த ஆப் என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கம்: அவர்கள் போனில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதுவே போதும். புதிதாக ஒன்றையும் இறக்கச் சொல்லாதீர்கள். சூம் வகுப்பில் ஒரு மணி நேரம் காணொளியோடு இருந்தால் ஐந்நூறு மெகாபைட்டுக்கு மேல் போய்விடும். வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு ஒரு மெகாபைட்கூட வராது. முதல் வகுப்புக்கு வந்து மூன்றாவதற்கு வராத 13 பேருக்கும் அக்கறை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அவர்களில் பாதிப் பேர் டேட்டா முடிந்தவர்களாக இருப்பார்கள், மீதிப் பேர் அந்த நேரம் அடுப்படியில் நின்றவர்களாக இருப்பார்கள்.

போனில் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்று பிரித்துக்கொள்வதுதான் முக்கியம். படித்ததை ஞாபகப்படுத்தலாம். கேட்டு வாங்கலாம். சந்தேகம் வந்த உடனே பதில் சொல்லலாம். ஒரு வேலையை முதல்தடவையாகக் கைக்குப் பழக்குவது மட்டும் போனில் ஆகாது. மூச்சு எண்ணுவது, 6 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் மேற்கைக்கு நாடா பிடித்துச் சுற்றளவு பார்ப்பது, பிரஷர் பார்ப்பது எல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று, கையைப் பிடித்துத் திருத்த வேண்டிய வேலைகள். சமூக சுகாதாரப் பணியாளர்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது: மேற்பார்வையோடு செய்துபார்க்கும் பயிற்சிக்கும் நேரடிப் பயிற்சிக்கும் முதலிடம், இணையவழிப் படிப்பு அதற்குத் துணை. உங்களுக்குக் காசு தருகிறவர்களிடம் இதை எடுத்துக் காட்டுங்கள். "எல்லாம் ஒன்லைனில் செய்யலாமே" என்கிறவர்களுக்கு நம் வாய்ச்சொல்லைவிட அது எடுபடும்.

காசு நின்றுவிட்டது என்கிறீர்கள். 22 பேரைக் களுவாஞ்சிகுடிக்குக் கொண்டுவருகிற காசுதான் நின்றிருக்கிறது. நீங்கள் ஒருவர் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக எவ்வளவு செலவாகும்? ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல். ஊரில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் நாள் எது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம், அதுதான் நம் மிட்வைஃபிடம், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போங்கள். அங்கே பிள்ளைகள் இருப்பார்கள், தராசு இருக்கும், தாய்மார் இருப்பார்கள். அந்த ஊரின் இரண்டு மூன்று தொண்டர்களை வரச்சொல்லி, ஆளுக்கு ஐந்து பிள்ளைகளின் மூச்சை எண்ணவிடுங்கள். நீங்களும் கூடவே எண்ணுங்கள். உங்கள் எண்ணும் அவர் எண்ணும் இரண்டு மூன்றுக்குள் வரும்வரை விடாதீர்கள். கிழமைக்கு ஒரு ஊர் என்றால் இரண்டு மாதத்தில் 8 ஊரும் முடிந்துவிடும். யானை இறங்குகிற பாதைகளில் நாலு மணிக்கு முன்னே திரும்பிவிடுங்கள், அதை நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் போய்ச் சொல்லுங்கள். தொண்டர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அங்கே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மிட்வைஃபுக்குத் தெரியாமல் அவருடைய பிரிவில் பயிற்சி நடந்தால் நாளைக்கு அந்தத் தொண்டர் ஒரு தாயை அனுப்பும்போது, "உன்னை யார் அனுப்பினது?" என்ற கேள்விதான் முதலில் வரும். மிட்வைஃபும் சேர்ந்து பழக்கிவிட்ட தொண்டர் என்றால் அவரே போன் கோல் எடுத்துக் கேட்பார்.

சரி, இனிப் போன் வேலைக்கு வருவோம். இதில் நான் பிழைவிட்டுப் படித்ததைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நானும் ஒரு குழுவுக்கு வயிற்றோட்டத்தைப் பற்றிப் பயிற்சி கொடுத்தேன். தேடிப்பார்த்ததில் தமிழ்நாட்டில் எடுத்த நல்ல காணொளி ஒன்று கிடைத்தது. தெளிவான தமிழ், அழகான படம். அனுப்பிவிட்டேன். 12 கட்டைவிரல் குறி வந்தது. மறுகிழமை ஒரு வீட்டுக்குப் போனபோது அந்தத் தொண்டர் என் கண்முன்னாலேயே ஒரு முழு ஜீவனிப் பொட்டலத்தை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) ஒரு கிளாஸ் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார். பதறிப்போய்க் கேட்டால், "மிஸ்ஸி, நீங்க அனுப்பின வீடியோவிலே அப்படித்தானே" என்றார். அவர் சொன்னது சரி. இந்தியாவில் 200 மில்லிலீற்றருக்கான சின்னப் பொட்டலமும் விற்கிறார்கள். காணொளியில் இருந்தது அது. நம் ஜீவனிப் பொட்டலம் ஒரு லீற்றருக்கு. ஐந்து மடங்கு உப்போடு அதைக் குடித்திருந்தால் பிள்ளையின் உடம்பு இன்னும் மோசமாகியிருக்கும். அதே காணொளியின் கடைசியில் 108ஐ அழையுங்கள் என்றும் இருந்தது. இங்கே அம்புலன்ஸுக்கு 1990. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. "பேதி" என்ற சொல்லும் அதில் வந்தது. இங்கே பலருக்குப் பேதி என்றால் வயிறு சுத்தம்பண்ணக் குடிக்கிற மருந்து. தமிழ் என்றால் எல்லாம் நம் தமிழ் என்று நினைத்தது என் பிழை.

அதற்குப் பிறகு நான் காணொளி அனுப்புவதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். பதிலாக ஒரு கேள்வி அனுப்பினேன்: "உங்கள் வீட்டில் ஒரு லீற்றர் அளக்க என்ன இருக்கிறது? படம் எடுத்து அனுப்புங்க." வந்த படங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல், ஒன்றரை லீற்றர்ச் சோடாப் போத்தல், ஒரு பால்மா டின், ஒரு செம்பு. ஒருவர் தன் வீட்டுத் தண்ணீர் யொக்கைப் படம் எடுத்து, "இது எவ்வளவு மிஸ்ஸி?" என்று கேட்டிருந்தார். அரை லீற்றர்ப் போத்தலால் இரண்டு தடவை என்று எல்லாருமாகச் சேர்ந்து முடிவெடுத்தோம். ஒன்றரை லீற்றர்ப் போத்தல்காரர் தன் செம்பில் அளந்து, எதுவரை என்று கரியால் கோடு போட்டுவிட்டார். கலக்கிய தண்ணீரை 24 மணி நேரத்துக்குப் பிறகு ஊற்றிவிட வேண்டும் என்பதையும் அந்தப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டேன். அந்தக் குழுவில் பிறகு யாரும் ஜீவனியைக் கிளாஸில் கரைக்கவில்லை.

இதிலிருந்து என் வழக்கம் இப்படி வந்தது. கிழமைக்கு ஒரு விஷயம். இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத குரல் பதிவு, நீங்களே உங்கள் குரலில் பேசியது. கடைசியில் ஒரு கேள்வி. பதிலும் குரலில்தான் வரவேண்டும், அதுவும் குழுவில் போடாமல் உங்களுக்குத் தனியாக. குழுவில் போட்டால் முதலாவது ஆள் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். கட்டைவிரலைப் பதிலாக எடுக்காதீர்கள். அது "செய்தி வந்தது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. தனியாக வந்த பதில்களைக் கேட்டபிறகு, பெயர் சொல்லாமல், "நாலு பேர் இப்படிச் சொன்னீங்க, அதில் ஒரு சின்னத் திருத்தம்" என்று குழுவில் போடுங்கள். ஒரு மாதம் கழித்து அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். மறந்திருப்பார்கள். பரவாயில்லை. யோசித்து மீட்டெடுக்கும் ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கும்.

பட்டன் போன் வைத்திருக்கும் 7 பேருக்கு வாட்ஸ்அப் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். சொல்லப்போனால் அவர்களோடுதான் வேலை நன்றாக நடக்கும். சாதாரணக் கோலிலேயே நாலைந்து பேரைச் சேர்த்துப் பேசலாம், உங்கள் போனிலிருந்து நீங்கள் எடுத்தால் அவர்களுக்குச் செலவும் இல்லை. 22 பேர் இருக்கும் வகுப்பில் பேசாமல் இருந்துவிடலாம், நாலு பேர் கோலில் ஒளிய இடமில்லை.

அந்தக் கோலில் பாடம் எடுக்காதீர்கள், நடியுங்கள். நீங்கள் தாயாக மாறுங்கள். நான் இப்படித்தான் தொடங்குவேன்:

"தங்கச்சி, என் மகனுக்கு மூணு நாளாக் காய்ச்சல். நேத்து ராவு விட்டிட்டு. இண்டைக்கு உடம்பு குளுந்துதான் இருக்கு. இனிப் பள்ளிக்கு அனுப்பலாம்தானே?"

பத்துப் பேரில் ஏழு பேர் முதல்தடவை, "ஓம் அக்கா, அனுப்புங்க" என்பார்கள். அப்போதுதான் நான் தாய் வேடத்தைக் கலைத்துவிட்டுக் கேட்பேன்: "டெங்கு என்றால் எப்போது பயப்பட வேண்டும்?" காய்ச்சல் கொதிக்கும்போது என்றுதான் ஊரே நினைக்கிறது. டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து தொடங்குகிற நேரம். வயிற்றுவலி இருக்கிறதா, விடாமல் சத்தி எடுக்கிறானா, கையும் காலும் சில்லென்று இருக்கிறதா, சலம் போவது குறைந்திருக்கிறதா, சோர்ந்து கிடக்கிறானா, முரசிலோ மூக்கிலோ இரத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். பரசிட்டமோலைத் தவிர வேறு காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை ஏதும் கொடுத்தார்களா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளை நான் ஒப்புவித்தால் மறந்துபோவார்கள். தாயாக நடிக்கும் என்னிடம் தாங்களே தேடித்தேடிக் கேட்டுப் பிடித்தால் மறக்கமாட்டார்கள். மாரி மழைக்குப் பிறகு நம் பக்கம் டெங்கு கூடுகிற காலம், ஆகவே இந்த நாடகத்தைக் கார்த்திகைக்கு முன்னே நடித்து முடியுங்கள்.

சொற்களிலும் கவனமாக இருங்கள். "நீரிழப்பு" என்று நாம் எழுதுகிறோம். எந்தத் தாயும் அப்படிச் சொல்லி வரமாட்டாள். "பிள்ளை வாடிப்போச்சு, கண் உள்ளுக்குப் போயிட்டு" என்றுதான் வருவாள். உங்கள் தொண்டர்களிடமே கேளுங்கள்: மூச்சு முட்டுவதை உங்கள் ஊரில் எத்தனை விதமாகச் சொல்வார்கள்? "இழுக்கு", "நெஞ்சு குத்துது", "நெஞ்சுச்சளி" என்று ஒரு பட்டியலே வரும். உங்கள் குரல் பதிவுகளை அந்தச் சொற்களில் பேசுங்கள்.

இனி, சுருக்கமாகச் சொல்லவேண்டிய சில. நேரத்தை அவர்கள் வைக்கட்டும், நீங்கள் வைக்காதீர்கள். விதைப்பும் அறுவடையும் நடக்கிற கிழமைகளில் பயிற்சியே வேண்டாம். வயல் வட்டைக்குள் நிற்கிறவருக்குக் குரல் பதிவு கேட்க நேரமில்லை. ஆனால் அறுவடைக்கு முன்னே ஒருநாள் எலிக்காய்ச்சலைப் பற்றிப் பேசிவிடுங்கள், வயலில் இறங்குகிற எல்லாருக்கும் அது வேண்டிய விஷயம். போன் ரீலோட் காசை மாத முடிவில் கணக்குக் காட்டி வாங்கச் சொல்லாமல் மாதம் பிறக்கும்போதே போட்டுவிடுங்கள். இருநூறு முந்நூறு ரூபாய்க்காகப் பற்றுச்சீட்டுத் தேடவைப்பது அவமானம். நோயாளியின் பெயரோ முகமோ குழுவில் வரவே கூடாது. முகம் தெரியாமல் எடுத்த படமானாலும் தாயிடம் கேட்டுத்தான். இதை முதல்நாளே சொல்லி, முதலாவது ஆள் மீறும்போதே அந்தப் படத்தை நீக்கச் சொல்லுங்கள். அப்புறம், வெள்ளம் வந்தால் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். அதனால் மழைக்கு முன்னே ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் ஒரு மட்டை தொங்க வேண்டும்: 1990, மிட்வைஃபின் இலக்கம், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இலக்கம், பக்கத்தில் இயந்திரத் தோணியோ உழவு இயந்திரமோ வைத்திருப்பவரின் இலக்கம். 1990 எடுக்கத் தெரிந்திருப்பது வேறு, அம்புலன்ஸ்காரருக்கு இடம் சொல்லத் தெரிந்திருப்பது வேறு. "கோயிலடியால வந்து வலப்பக்கம்" என்று சொன்னால் வேறு மாவட்டத்து ஆளுக்கு எந்தக் கோயில்? தன் வீட்டுக்கு வழி சொல்லும் பயிற்சியைக் கோலில் ஒருதடவை வையுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் பலருக்கு வராது.

பிரஷர் மெஷின் வாங்கிக் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டு வருவார்கள். இப்போதைக்கு வேண்டாம். கையளவுக்குப் பொருந்தாத பட்டியைக் கட்டிப் பிழையான எண்ணை எடுப்பதைவிட எடுக்காமல் இருப்பது நல்லது. மூச்சு எண்ணுவதும் ஜீவனி கரைப்பதும் 22 பேருக்கும் சரியாக வந்தபிறகு பார்ப்போம்.

கடைசியாக அந்த அக்கா. மாற்றாதீர்கள். எழுத வாசிக்கத் தெரியாமலே அவர் இத்தனை காலம் தொண்டராக இருக்கிறார் என்றால், அந்த ஊர் அவரை வைத்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கூகுள் ஃபோமுக்குத்தான் அவர் பொருந்தவில்லை. குரல் பதிவுக்கு எழுத்து வேண்டாம். மூச்சு எண்ணவும் எழுத்து வேண்டாம். நூறுவரை எண்ணுவதில் தடுமாறினால் புளியங்கொட்டை கொடுங்கள்: பத்து மூச்சு எண்ணி ஒரு கொட்டையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றுவது. இரண்டு மாதத்துக்கு மேல், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் ஐந்து கொட்டை மாறினால் உடனே ஆஸ்பத்திரி. ஒரு வயதுக்கு மேல், ஐந்து வயதுக்குள் என்றால் நாலு. இரண்டு மாதத்துக்குட்பட்ட சின்னது என்றால் ஆறு. ஆனால் அந்தச் சின்னதுகள் பால் குடிக்கவில்லை என்றாலே எண்ணிக்கொண்டு நிற்காமல் அனுப்பிவிட வேண்டும். என்னோடு வேலைசெய்த ஒரு அம்மா இப்படித்தான் முந்தானையில் எப்போதும் பத்துக் கொட்டை முடிந்து வைத்திருந்தார். பிள்ளை அழுதால், பால் குடித்தால் எண்ணமாட்டார். திண்ணையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, அடங்கும்வரை காத்திருப்பார். படித்த பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை வர எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

நாலு பேர் கோலில் தாயாக நடிக்க அந்த அக்காவையே விடுங்கள். உங்களைவிட நன்றாக நடிப்பார். காசு கொஞ்சம் மிஞ்சினால் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுங்கள், விநாடி முள் உள்ளதாகப் பார்த்து.